வெள்ளி குடோன் கூரையில் இறங்காது

ஜனவரி 8

பாட்டிக்கு வணக்கம்.

முட்டிவலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? போனில் கேட்டால், "எழுதிக் கேளு, பேச்சு காத்துல போயிடும்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதிக் கேட்கிறேன். நான் நலம்.

தலைமை வானிலை அலுவலகத்தில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். வானத்தில் ஏதோ விசித்திரமாகப் பறந்தது என்று அறுபது வருஷமாக மக்கள் எழுதிப் போட்டதெல்லாம் இங்கே ஆவண அறையில் கிடக்கிறது. மொத்தம் அறுபத்தொரு கோப்பு. அவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை பார்த்ததில் ஒன்று மலைமேல் வட்டமாக நின்ற மேகம். இன்னொன்று, ஊர் வெளிச்சம் வயிற்றில் பட்டுப் பறந்த கொக்குக் கூட்டம். பாதிக்கு மேல் வெள்ளிக் கிரகம்.

முப்பத்தேழாம் கோப்பில் ஒரு செய்தித்தாள் துண்டு மட்டும் இருக்கிறது. 'பஞ்சாலைத் தீ: பறக்கும் தட்டு வந்ததாகப் பெண் தொழிலாளி பிடிவாதம்.' நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது. பெண்ணின் பேர் இல்லை. ஆலையின் பேரைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன். "உன் பாட்டிதான். அந்தப் பேச்சை எடுக்காத" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

எடுக்கிறேன், மன்னியுங்கள். அன்று என்ன பார்த்தீர்கள்? மணி, திசை, நிறம், சத்தம், எது நினைவிருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் பேத்தி


ஜனவரி 14

அன்புப் பேத்திக்கு,

தைலம் தேய்க்கிறேன். முட்டி அதுபாட்டுக்கு வலிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. ஆவண அறைத் தூசிக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொள்.

நினைவிருந்தால் எழுதச் சொல்கிறாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. எல்லாம் தலையில்தான் இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை.

அன்று வியாழக்கிழமை. ஷிப்டு முடியக் கால் மணி நேரம் இருந்தது. பொழுது இறங்கி வானம் ஊதாவாக இருந்தது. மேற்கே வெள்ளி மட்டும் முளைத்திருந்தது. நான் பஞ்சு குடோன் வாசலில் தூசி பெருக்கிக்கொண்டிருந்தேன். வானிலை நிலையத்துப் பக்கமிருந்து ஒரு சிவப்பு விளக்கு வந்தது. அசைந்து அசைந்து, சத்தமே இல்லாமல். அதற்கு மேலே, நல்ல உயரத்தில், உருண்டையாகக் கறுப்பாக ஏதோ ஒன்று. அது வெள்ளியை மறைத்துப் பிறகு விட்டது. விளக்கு ஏறவில்லை, இறங்கியது. குடோன் கூரைக்குப் பின்னால் மூடாமல் கிடந்த பொதிகள் பக்கம் இறங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பத்து எண்ணுவதற்குள் தீ.

என்னோடு வேலை செய்தவள் சுருட்டை. சுருள்முடிக்காரி, அதனால் அந்தப் பேர். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து என்னைத் தேடி உள்ளே ஓடினாள். நான் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள்.

நான் குடோனில் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டதால்தான் தீ என்றார் மேனேஜர். நான் கண்டதைச் சொன்னேன். நிலையத்திலிருந்து சாட்சிக்கு ஆள் வரவழைத்தார். வந்தது என் கொழுந்தன், உன் சின்னத் தாத்தா. இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்று சொன்னான்: "அன்னைக்குக் காத்து அதிகம்ங்க. நாங்க பலூனே விடலை. அண்ணிக்கு அந்தி நேரத்துல கண்ணு சரியா தெரியாது."

மேனேஜர் சிரித்தார். "அப்ப வந்தது பறக்கும் தட்டா?"

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வேலை போச்சு. தெருவில் எனக்கு 'தட்டு' என்று பேர் வந்தது. இன்றைக்கும் அதுதான். சுருட்டையின் மகள் இதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் எதிரே வந்தால் அந்த ஓரத்துக்கு மாறிப் போய்விடுவாள். நாற்பத்திரண்டு வருஷமாக மாறிக்கொண்டே இருக்கிறாள்.

அந்த மாவுக்கட்டுக் கையைக் குறித்துக்கொள். சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை. அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஒரு மாதம் நம் வீட்டில்தான் சாப்பாடு. நிலையத்தில் ஷூ போட்டாக வேண்டும் என்பதால் தினமும் காலையில் குனிந்து அவனுக்கு லேஸ் கட்டிவிட்டது நான். நான் கட்டிவிட்ட லேசோடு நடந்து வந்துதான் எனக்குக் கண் தெரியாது என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

உலகத்தில் என்னை நம்பியது ஒரே ஆள், உன் தாத்தா. "நீ பார்த்தது நிஜம்னு எனக்குத் தெரியும்" என்று கண் மூடும்வரை சொன்னார்.

நான் பார்த்தது என்ன என்று கண்டுபிடி. கொண்டுபோய் அவன் மூஞ்சியில் எறிய வேண்டும்.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரியும் பாட்டி


பிப்ரவரி 3

பாட்டிக்கு வணக்கம்.

முட்டி தேவலையா? எனக்கு லேசான சளி, சரியாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டினேன். "மேற்கே, அந்தி, பிரகாசமா ஒண்ணு. வெள்ளிதாம்மா. அடுத்த கோப்பை எடு" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நிலையத்தை மூடியபோது அனுப்பிய பழைய பதிவேடுகள் எங்கள் ஆவண அறையிலேயே இருக்கின்றன. அன்றைய பக்கத்தில் சின்னத் தாத்தாவின் கையெழுத்தில், 'காற்று அதிகம். பலூன் விடவில்லை' என்று இருக்கிறது.

ஆனால் பக்கத்து விமானத் தளத்திலும் தினமும் காற்றை அளந்து எழுதியிருக்கிறார்கள். அன்று மாலை இலை அசைகிற அளவுக்குத்தான் காற்று. அதுவும் நிலையத்திலிருந்து ஆலையைப் பார்த்து. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அவ்வளவு அமைதியாக இருந்தபோது இங்கே மட்டும் பலூன் விட முடியாத காற்று அடித்திருக்காது. யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள்.

அன்று நிலையத்தில் யார் யார் இருந்தார்கள்? அது பலூன் இல்லை என்று நீங்களும் சொன்னதாகச் செய்தித்தாள் துண்டில் இருக்கிறது. ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்?

உங்கள் பேத்தி


பிப்ரவரி 9

அன்புப் பேத்திக்கு,

சளிக்கு ஆவி பிடி. முட்டியைப் பற்றி விசாரிக்காதே, அதற்கே அலுத்துப் போயிருக்கும்.

உன் மேலதிகாரியிடம் சொல். வெள்ளியை எனக்குத் தெரியும். வேலை முடிந்து நடக்கும்போது தெருமுனை வரை கூடவே வரும். குடோன் கூரையில் இறங்கி உட்காராது. எதைக் காட்டினாலும் வெள்ளி என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற அவருக்கு இனி வெள்ளிக்காரர் என்று பேர்.

பலூன் எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் தினமும் பார்த்தவள். காற்றை அளக்க மாலையில் விடுகிற பலூனுக்குக் கீழே நூலில் சின்ன பல்பு தொங்கும். பேட்டரிக் கட்டையில் எரிவது. ஊசிமுனை மாதிரி வெள்ளை வெளிச்சம். ஏறி ஏறிக் காணாமல் போகும். நான் பார்த்தது சிவப்பு. இறங்கியது. அதனால்தான் விசாரணையில், "பலூன் இல்லைங்க, அது எனக்குத் தெரியும்" என்று நானே சொன்னேன்.

நிலையத்தில் அந்த வேளைக்கு இரண்டே பேர். உன் தாத்தா கொட்டகையில் கேஸ் அடைத்து விளக்கு கட்டி விடுவார். தம்பி குழலில் கண்ணை வைத்துப் பார்த்து எழுதுவான். அன்று உன் தாத்தாவுக்குப் பல்வலி. மத்தியானமே கிளம்பி டாக்டரிடம் போய்விட்டதாகச் சொன்னார். ஆக, அங்கே இருந்தது அவன் ஒருவன்தான். பொய் எழுதியதும் அவன்தான்.

அந்தக் குடும்பமே அப்படி. அவன் பெண்டாட்டி என் வீட்டு ரேடியோவைப் பார்த்துப் பார்த்தே இளைத்தவள். கடையில் பேட்டரிக் கட்டை கிடைக்காத வருஷம் அது. அவர்கள் ரேடியோ ஊமையாகக் கிடக்கும். நம் வீட்டில் ஒரு நாள் தவறாமல் மாலைப் பாட்டு ஓடும். எனக்குப் பாட்டு என்றால் உயிர் என்று உன் தாத்தா எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்துவிடுவார். "உங்களுக்கு மட்டும் எங்க கிடைக்குதுக்கா" என்பாள். எரியட்டும் என்று சத்தத்தை இன்னும் கூட்டி வைப்பேன்.

தேடு. விடாதே.

பாட்டி


மார்ச் 2

பாட்டிக்கு வணக்கம்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கேஸ் பதிவேடு கிடைத்துவிட்டது. பலூன் விடவில்லை என்று எழுதிய அதே மாலையில் ஒரு பலூனுக்கு கேஸ் அடைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் வந்த ரப்பர் பழைய சரக்கு, ஊசித்துளை விழுகிறது என்று நிலையமே இரண்டு தடவை புகார் எழுதியிருக்கிறது. துளை விழுந்த பலூன் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும்.

நிறத்துக்கும் விடை இருக்கிறது. பேட்டரிக் கட்டை இல்லாத நாளில் காகித விளக்கில் மெழுகுவத்தி ஏற்றிக் கட்டலாம் என்று பழைய விதி. காகிதம் சிவப்பு. பலூனில் தீப் பிடிக்காமலிருக்க ஆறு மீட்டர் நூலில் தொங்கவிடுவார்கள். அதனால்தான் விளக்கு தனியாக வந்தது போலவும், மேலே கறுப்பாக ஒன்று வெள்ளியை மறைத்தது போலவும் உங்களுக்குத் தெரிந்தது. காற்று ஆலைப் பக்கம் அடிக்கும்போது மெழுகுவத்தி விளக்கு விடக்கூடாது என்று அதே விதியின் கீழே சிவப்பு மையில் இருக்கிறது. விட்டிருக்கிறார்கள். தீப் பிடித்ததும் மறைத்திருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்தது பலூன்தான் பாட்டி. ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. வெள்ளிக்காரர் என் மேசைக்கே வந்து, "உங்க பாட்டிகிட்ட நான் மன்னிப்பு கேட்டதா எழுதும்மா" என்றார்.

அன்று ஏன் பேட்டரிக் கட்டை இல்லை, விளக்கை யார் வாங்கினார்கள் என்பது ஸ்டோர் நோட்டில் இருக்கும். கையெழுத்துப் போடாமல் எதையும் கொடுக்க மாட்டார்கள். அது வேறு கட்டடத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் பேத்தி


மார்ச் 8

என் கண்ணான பேத்திக்கு,

மூன்று நாளாகச் சாப்பாடு ருசிக்கிறது. முட்டிவலி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்காரர் நல்ல மனுஷர். அந்தப் பேரை எடுத்துவிட்டேன்.

உன் சின்னத் தாத்தாவுக்கு நானே எழுதிப் போட்டேன். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் கடிதம். நலம் விசாரிக்கவில்லை. 'காற்றே இல்லாத நாளில் காற்று அதிகம் என்று எழுதியது நீ. விளக்கைப் பறக்கவிட்டது நீ. சுருட்டையைக் கொன்றது நீ. அந்தப் பழியைத் தூக்கி என் தலையில் வைத்ததும் நீ. என் பேத்தி எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டாள். உன் பேர் அச்சில் வரப்போகிறது. வரும்வரை உனக்கு உயிர் கெட்டியாக இருக்கட்டும், அதற்காக மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான்.

ஸ்டோர் நோட்டில் அவன் கையெழுத்து இருக்கும் பக்கத்தை எனக்குப் பிரதி எடுத்து அனுப்பு. சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். உன் அறிக்கையில் அவன் பேர் பெரிய எழுத்தில் வர வேண்டும். படம் கிடைத்தால் படமும் போடு. மூக்கு நன்றாகத் தெரிகிற படமாகப் பார்.

பாட்டி


ஏப்ரல் 5

பேத்திக்கு,

அடுத்த வாரம் என்று எழுதினாய். நான்கு வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் அம்மாவிடம் கேட்டால் நன்றாக இருக்கிறாய் என்கிறாள். அவனிடமிருந்தும் பதில் இல்லை. அவன் பேசாமலிருப்பது புரிகிறது. நீ ஏன் பேசாமலிருக்கிறாய்?

ஸ்டோர் நோட்டில் என்ன இருந்தது?

பாட்டி


ஏப்ரல் 18

பாட்டிக்கு வணக்கம்.

எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலி குறைந்ததா? தாமதத்துக்கு மன்னியுங்கள். அலுவலகத்தில் வேலை அதிகம்.

ஸ்டோர் நோட்டைக் கறையான் அரித்துவிட்டது. அந்த மாதத்துப் பக்கங்கள் படிக்கிற நிலையில் இல்லை. அதனால் அறிக்கையில், 'நிலைய ஊழியர்களால் விடப்பட்ட பலூன்' என்று மட்டும் எழுதுவதாக இருக்கிறேன். பேர் எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது, அதுதானே முக்கியம்? நன்றாகத் தூங்குகிறீர்களா?

சின்னத் தாத்தாவுக்கும் வயதாகிவிட்டது. இதோடு விட்டுவிடலாமே. வெயில் ஏறுகிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள். கண் டாக்டரிடம் போனீர்களா?

உங்கள் பேத்தி


ஏப்ரல் 24

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்கள் நலமா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. என் மனைவி போய் நான்கு வருஷம் ஆயிற்று, மகன் வீட்டில் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. அன்று பலூனை விட்டது நான்தான். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது. காகித விளக்கில் மெழுகுவத்தி ஏற்றி, நானே நூலில் இறுக்கிக் கட்டி விட்டேன். தீயைப் பார்த்ததும் பயத்தில் பதிவேட்டில் பொய் எழுதினேன். வேலையும் போய் ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும் என்று விசாரணையில் உங்களைப் பற்றி அப்படிச் சொன்னேன். அண்ணன் அன்று நிலையத்திலேயே இல்லை. அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

உங்கள் பேத்தியை என் பேரைப் போடச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் சரி. கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். அண்ணன் பேர் மட்டும் எங்கும் வர வேண்டாம்.

உங்கள் கொழுந்தன்


மே 1

பேத்திக்கு,

உன் சின்னத் தாத்தா எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், படி. நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை, செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் தடவை ஒரு சொல்லில் கண் சிக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை அந்தச் சொல்லைத் தாண்டவே முடியவில்லை.

'நானே நூலில் இறுக்கிக் கட்டி.'

இடது கை விரல்நுனி வரை மாவுக்கட்டு. அன்று காலையில் அவனுக்கு லேஸ் கட்டியது நான். மாலையில் தீக்குப் பிறகு வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு அதை அவிழ்த்துவிட்டதும் நான்தான். காலையில் நான் போட்ட அதே இரட்டை முடிச்சு. தன் காலில் இருக்கிற லேசைக் கட்ட முடியாதவன் ஆறு மீட்டர் நூலில் விளக்கைக் கட்டினானாம்.

அப்படியானால் கட்டியது யார்? அந்த வேளைக்கு இரண்டே பேர் என்று உனக்கு எழுதியது நான்தான்.

பல்வலி என்றாரே. அந்தப் பல்லை எந்த டாக்டரும் தொடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் செத்தபோது வாயில் அத்தனை பல்லும் இருந்தது. நானே துடைத்துவிட்டேன்.

ஊரில் எங்கேயும் கிடைக்காத பேட்டரிக் கட்டை என் வீட்டில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டது கொழுந்தன் பெண்டாட்டிதான். பொறாமை என்று நினைத்தேன். தீக்குப் பிறகு ஒரு வருஷம் அவர் ரேடியோவைத் தொடவிடவில்லை. "சுருட்டை போயிட்டா, பாட்டு என்ன வேண்டிக்கிடக்கு" என்றார். என்ன மனசு இவருக்கு என்று நினைத்தேன்.

என்னை நம்பினார் என்று இத்தனை வருஷம் அவர் படத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். அவர் எங்கே நம்பினார்? அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வேலை போனபோது தெரிந்திருந்தது. தெருப் பிள்ளைகள் தட்டு, தட்டு என்று பின்னால் வந்தபோது தெரிந்திருந்தது. சுருட்டையின் அம்மா என் முகத்தில் துப்பியபோது பக்கத்தில் நின்று துண்டால் துடைத்துவிட்டாரே, அப்போதும் தெரிந்திருந்தது.

உன் ஸ்டோர் நோட்டைக் கறையான் தின்னவில்லை. நீ சின்ன வயதிலேயே பொய் சொல்வதென்றால் என் உடம்பை நிறைய விசாரிப்பாய். போன கடிதத்தில் நான்கு தடவை.

கொழுந்தன் பேர் நாற வேண்டும் என்று நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்தேன். இப்போது அவனே எடுத்து நீட்டுகிறான். வாங்கிக்கொள்ள மாட்டேன். பொய்ப் பழியைச் சுமந்தவள் நான், அதன் கனம் எனக்குத் தெரியும். நான் பழி வாங்கினால் நிஜமான ஆளிடம்தான் வாங்குவேன். நோட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அந்தப் பேரைப் போடு. செத்தவர் என்று சின்ன எழுத்தில் போடாதே.

பாட்டி


மே 9

பாட்டிக்கு,

உங்கள் உடம்பை விசாரிக்கப் பயமாக இருக்கிறது.

ஸ்டோர் நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. மார்ச் பதினொன்றிலிருந்து இருக்கிறது. அந்த மாதம் நிலையத்துக்குப் பன்னிரண்டு பேட்டரிக் கட்டை வந்தது. முதல் வாரத்திலேயே பன்னிரண்டையும் தாத்தா வாங்கியிருக்கிறார். பலூனுக்குப் போனது நான்குதான். தீப் பிடித்த அன்று மாலை ஐந்தே முக்காலுக்குக் காகித விளக்கு ஒன்று, மெழுகுவத்தி ஒன்று. அதற்கும் தாத்தாவின் கையெழுத்து. நான் முதல் வகுப்பில் சேர்ந்தபோது என் புத்தகங்களில் எல்லாம் என் பேரை எழுதிக் கொடுத்த அதே கை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன்.

அவர் எனக்கும் தாத்தா. அதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி எழுதிவிட்டேன். விளக்கைக் கட்டியவர் பேர், பொய் எழுதியவர் பேர், உண்மை சொன்னவர் பேர், மூன்றும் இருக்கும். மிச்சம் எட்டு பேட்டரிக் கட்டை எங்கே போனது என்று மட்டும் எழுதவில்லை. அதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. ஜூன் முதல் வாரம் அச்சாகி வரும்.

உங்கள் பேத்தி


ஜூன் 16

பேத்திக்கு,

நன்றாக இருக்கிறேன். அறிக்கை வந்தது. என் பேரும் உன் தாத்தா பேரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இரண்டையும் சேர்த்து அச்சில் இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் சின்னத் தாத்தாவுக்கு ஒரு வரி எழுதினேன். 'எந்த வாயால் எனக்குக் கண் தெரியாது என்றாயோ அந்த வாயால் வந்து வாசி.' நேற்று வந்தான். கைத்தடியோடு, பஸ்ஸில், காலில் அதே மாதிரி லேஸ் வைத்த ஷூ. தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. நேரே சுருட்டையின் மகள் கடைக்குக் கூட்டிப்போனேன்.

அவள் மெஷினில் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டாள், "என்ன வேணும்?"

"இவன் ஒண்ணு வாசிக்கணும்" என்றேன்.

"எனக்கு வேலை இருக்கு."

"தைச்சுக்கிட்டே கேளு. உங்க அம்மா விஷயம்."

அவன் வாசலில் நின்றபடி வாசித்தான். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். காற்று, ரப்பர், காகித விளக்கு எல்லாம் மெஷின் சத்தத்துக்குள்ளேயே போயிற்று. 'அந்தப் பெண் தொழிலாளி கண்டு சொன்னது முழுவதும் உண்மை' என்ற இடத்தில் மெஷின் நின்றது. தன் பேரை, பொய் எழுதியவன் என்று, தன் வாயாலேயே வாசித்தான். உன் தாத்தா பேர் வந்ததும் நிறுத்திவிட்டான்.

"படி" என்றேன்.

படித்தான்.

"இன்னொரு தடவை."

"அண்ணி..."

"காது கேட்கலை. இன்னொரு தடவை."

படித்தான். கடைக்கு வந்திருந்த இரண்டு பேரும் கேட்டார்கள். தெருவில் போனவர்களும் நின்றார்கள்.

சுருட்டையின் மகள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு நீ எழுதாமல் விட்டதைக் கேட்டாள். "மிச்ச பேட்டரிக் கட்டையெல்லாம் எங்க போச்சு?"

அவன் சொல்ல மாட்டான் என்று தெரியும், நாற்பத்திரண்டு வருஷம் சொல்லாதவன்.

"என் வீட்டு ரேடியோவுக்கு" என்றேன். "தினமும் சாயங்காலம் பாட்டு கேட்டேன். கட்டை எங்க இருந்து வருதுன்னு கேட்கலை. உங்க அம்மாவும் ரெண்டு மூணு தடவை வந்து அந்தப் பாட்டைக் கேட்டிருக்கா."

அவள் மடித்து வைத்த துணியை மறுபடி எடுத்தாள். மெஷினைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்தாள். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.

தெருவில் பத்தடி வைத்திருப்பான், லேஸ் அவிழ்ந்துவிட்டது. நின்று காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "குனிய முடியலை அண்ணி."

"எனக்கும் முட்டிவலி" என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை லேஸ் மண்ணில் இழுபட இழுபடப் போனான். முனை திரும்புகிறவரை நின்று பார்த்தேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இன்று காலை மளிகைக் கடைக்குப் போனேன். சுருட்டையின் மகள் எதிரே வந்தாள். நான் வழக்கம்போல அவள் ஓரம் மாறட்டும் என்று மெதுவாக நடந்தேன். மாறவில்லை. நேராக வந்தாள். பேசவில்லை, சிரிக்கவில்லை. புடவை என் கையில் உரசுகிற மாதிரி தாண்டிப் போனாள்.

நான் உன் தாத்தா படத்தை எடுத்துவிட்டேனோ என்று உன் அம்மா போனில் அழுதாள். எடுக்கவில்லை என்று அவளிடம் சொல். அதே ஆணியில்தான் இருக்கிறார். அவர் போனதிலிருந்து படத்துக்குக் கீழே ரேடியோவை வைத்து, மாலை ஆறரைக்குப் பாட்டுப் போடுவது வழக்கம், அவருக்கும் பாட்டுப் பிடிக்கும் என்று. நேற்றுப் பின்பக்கத்தைத் திறந்து கட்டை இரண்டையும் கழற்றிவிட்டேன். ரேடியோவை மறுபடி அங்கேயே வைத்திருக்கிறேன். ஆறரை ஆனால் நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கட்டும்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி